தரையிலிருந்து ஒன்பது அங்குலம்

இடது காதுக்குள் இருந்த ரசமட்டம்
ஒரு காய்ச்சலில் உடைந்துபோனது.
அதன்பிறகு இரண்டு சக்கரத்தில் ஏறினால்
பீன்யா முழுவதும் ஒருபக்கம் சாய்ந்தது,
கம்பெனிகள், லாரிகள், டீக்கடை பெஞ்சு எல்லாம்.
டாக்டர் ஆட்டோவில் போகச் சொன்னார்.
பகலெல்லாம் குக்கர் மூடிக்கு அச்சு வரைகிறவள் நான்.
பெரிய தாளாக ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.
தலைப்பிரட்டை என்பார்கள் இந்த வடிவத்தை.
தோள் அகலம், வால் ஒற்றை.
தங்கவயல்காரர் பொஸ்கோ
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.
"படுத்துக்கிட்டே மிதிக்கணுமா மேடம்?
எங்கப்பா படுத்துக்கிட்டே பாறைய ஓட்ட போட்டவரு.
செய்யலாம்."

ஞாயிறுகளில் மட்டும் வேலை.
மடக்குக் கட்டிலின் நைலான் நாடா இருக்கையானது.
சங்கிலி ஒன்று போதாது, மூன்றைக் கோத்தோம்.
அது என் தொடைக்கடியில் குழாய்க்குள் நுழைந்து
பழைய ஷட்டர் உருளையில் ஏறி இறங்கி
பின்சக்கரத்தைத் தேடிப் போனது.
இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்ததில்
அரை அங்குலம் தப்பு.
முழங்கால் ஒரு வாரம் ஏசியது.

திருப்பம்தான் கடினம்.
வளைவில் முன்சக்கரங்கள் இரண்டும்
ஒரே அளவு திரும்பினால் ரப்பர் கத்தும்.
உள்ளே இருப்பது அதிகம் திரும்ப வேண்டும்,
வெளியே இருப்பது கொஞ்சம் குறைவாக.
சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கோடிழுத்து
திருப்பும் கைகள் இரண்டிலிருந்தும் நூல் பிடித்துப்
பின்னச்சின் நடுவில் கொண்டுவந்து முடிந்தேன்.
நூலைத் தாண்டிப் போன பூனைக்கு
பொஸ்கோ விளக்கிச் சொன்னார்.

முதல் ஓட்டம். இரவு பத்தரை, காலி ரோடு.
இரண்டாவது வளைவில் உள்சக்கரம்
தரையை விட்டு எழுந்தது, அவ்வளவுதான்.
வானம் பார்த்த சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க
சிராய்த்த முழங்கையோடு சொன்னேன்:
எழுபது சென்டிமீட்டர் போதாது. எண்பத்திரண்டு.

வெட்டி, ஒட்டி, பெயின்ட்டும் காய்ந்தபிறகு
பொஸ்கோ கதவை அளந்தார்.
எழுபத்தாறு.
கொஞ்ச நேரம் இருவரும் கதவையே பார்த்தோம்.
பிறகு வண்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி
சீர் பீரோவை மாடியேற்றுகிறவர்களைப் போல
"உங்க பக்கம், உங்க பக்கம், மெதுவா" என்று
வெளியே எடுத்தோம்.
இன்றும் அப்படித்தான் எடுக்கிறோம்.

தும்கூர் ரோடு கீழேயிருந்து வேறு ஊர்.
பஸ் சக்கரத்தின் நட்டுகளை எண்ணலாம்,
பத்து, ஒன்றில் துரு.
நாய்கள் நேருக்கு நேர் பார்த்துவிட்டு
குரைக்கலாமா என்று யோசிக்கின்றன.
சைலன்சர்கள் முகத்தில் பேசுகின்றன.
முதுகுக்குப் பின்னால் தூண்டில் கம்பு,
உச்சியில் ஆரஞ்சுத் துணி.
நான் அங்கே இருப்பதற்கு அதுதான் சாட்சி.

ஜாலஹள்ளி கிராஸில் டிராஃபிக் போலீஸ் குனிந்தார்.
இது வண்டியா கட்டிலா என்று கன்னடத்தில் கேட்டார்.
இஞ்சின் எங்கே, நம்பர் எங்கே?
தொடையைத் தட்டிக் காட்டினேன்.
எந்தப் பிரிவில் எழுதுவதென்று தெரியாமல்
பேனாவை மூடினார்,
கொடியை ஒருமுறை ஆட்டிப்பார்த்துவிட்டு
போ என்றார்.

மேம்பாலத்து ஏற்றம்.
இதில் எழுந்து நின்று மிதிக்க முடியாது.
முதுகை அழுத்திக்கொண்டு, சின்னப் பல்லுக்கு மாற்றி
எறும்பாக ஊர வேண்டும்.
பாதியில் மூச்சு வாங்கியது. ஓரங்கட்டி
பிரேக்கைப் பூட்டினேன்.
கால் ஊன்றவில்லை.
விழவில்லை.
ஹாரன்கள் கொடியைச் சுற்றி வழிந்து போயின.
பையிலிருந்த கொய்யாவைக் கடித்தேன்,
மிளகாய்ப்பொடி மடியில் கொட்டியது.
ரோடுதான் சாய்ந்திருந்தது.

இறங்கும்போது வண்டி இடதுபக்கம் இழுத்தது.
ஞாயிற்றுக்கிழமை பொஸ்கோவிடம் சொல்ல வேண்டும்.
பிரேக் கேபிளா, காதா,
எனக்கு நிச்சயமில்லை.